மலையேறும் வண்டியும் மாற்ற வேண்டிய எண்ணெயும்

சொந்தமாகக் காரோ ஜீப்போ வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பங்குகளில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. புது வண்டி வாங்கிய நாளில் அதற்கு மாலை சூட்டி, கோவில் வாயிலில் நிறுத்தி மந்திரிக்கச் செய்வது நம்மிடையே நிலவும் நல்ல வழக்கம். ஆயினும் மந்திரித்த வண்டிக்கும் எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயைக் காலமறிந்து மாற்றவும் வேண்டும். இதில் காட்டப்படும் அசட்டை எத்தகைய இடர்களில் கொண்டுபோய் விடும் என்பதைச் சமவெளியில் வாழ்வோரைவிட, ஜவ்வாது மலை போன்ற இடங்களில் வாழ்வோர் நன்கு அறிவர்.

“எத்தனை கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை மாற்ற வேண்டும்?” என்று பலர் நம்மைக் கேட்பதுண்டு. கேட்பவர் எதிர்பார்ப்பது ஓர் எண். அவ்வெண் வண்டியுடன் தரப்படும் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதோடு, எப்படி ஓடியது, எங்கே ஓடியது, எத்தனை மாதம் ஆயிற்று என்பனவற்றையும் கணக்கிற் கொள்ள வேண்டும். மலைப்பகுதியில் வண்டி வைத்திருப்போருக்காக இதைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விழைகிறோம்.

எண்ணெய் செய்யும் பணி

இயந்திரத்தினுள் ஊற்றப்படும் எண்ணெய், உலோகமும் உலோகமும் உராயாதபடி காப்பதற்கே என்று பலர் எண்ணுகின்றனர். அது முதற்பணி, முழுப்பணி அன்று. குளிர்நீர் எட்டாத உட்பகுதிகளின் வெப்பத்தை ஏற்றுக் கீழே கொண்டு வருவதும், எரிபொருள் எரிந்து மிஞ்சும் கரியைக் கழுவி வடிகட்டியில் சேர்ப்பதும், பிஸ்டன் வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைப்பதும், துருவைத் தடுப்பதும் எண்ணெயின் பணிகளே.

இதன் உண்மையை உலகம் உணர்ந்த விதம் சுவையானது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியாளர், இரயில் அச்சுகளைத் தாங்கும் தாங்கிகளை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. அடைப்பானால் மூடினார், அடைப்பானையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னடியில் இழுத்து, மிகுந்த அழுத்தமுடைய மென்படலமாக்கி, அப்படலத்தின்மீதே மிதக்கிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் அறிஞர் இதனைக் கணித முறையில் விளக்கினார். நம் வண்டியின் இயந்திரத்திலும் இதுவே நிகழ்கிறது. உயிரோட்டமாக நிற்பது தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம். அது அறுந்தால், சில நிமிடங்களில் உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும்.

எண்ணெய் எவ்வாறு கெடுகிறது

எண்ணெய் முழுவதும் தீர்ந்து போனால்தான் ஆபத்து என்று கருதலாகாது. அளவு குறையாமலேயே எண்ணெய் தன் ஆற்றலை இழக்கும். வெப்பத்தாலும் காற்றாலும் அது நாளடைவில் தடித்துப் பிசுபிசுப்பாகிறது. அழுக்கைத் தாங்கவும் அமிலத்தை முறிக்கவும் சேர்க்கப்பட்ட மருந்துப் பொருள்கள் சிறிது சிறிதாகச் செலவழிந்து போகின்றன. கரியும் தூசும் சேருகின்றன.

நீரும் சேருகிறது என்றால் பலர் வியப்பர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறுபகுதி பிஸ்டனைக் கடந்து கீழே எண்ணெயோடு கலக்கும். இயந்திரம் நன்கு சூடேறி நெடுநேரம் ஓடினால் அந்நீர் மீண்டும் ஆவியாகி அகன்றுவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியிலோ அது தங்கிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் ஜமுனாமரத்தூரின் அதிகாலைக் குளிரில் வண்டியை எடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கி, உடனே திரும்பி வந்து நிறுத்துவோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். “என் வண்டி அதிகம் ஓடுவதே இல்லை” என்று ஆறுதல் கொள்வோரின் வண்டியில்தான் எண்ணெய் விரைவில் கெடுகிறது.

கிலோமீட்டர் மானி சொல்லாத கணக்கு

ஜவ்வாது மலைக்குப் போளூர் வழியாகவும் ஏறலாம். ஆலங்காயம் வழியாகக் காவலூரைக் கடந்தும் வரலாம். புகழ்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து இவ்வுயரத்தை எட்டுவதற்கு வண்டி வளைவுக்கு வளைவு கீழ்க்கியரில் முனகிக்கொண்டே ஏற வேண்டும்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சமவெளியில் ஒரு வண்டி மேல்கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். ஆகவே 2,000 சுற்றுகள். அதே வண்டி மலையில் கீழ்க்கியரில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், அதே 2,000 சுற்று வீதத்தில் ஏறுகிறது. இப்போது ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் ஆகிறது. ஆகவே 6,000 சுற்றுகள். மானியில் இரண்டும் ஒரே கிலோமீட்டர்தான். இயந்திரத்திற்கோ மலையின் ஒரு கிலோமீட்டர், சமவெளியின் மூன்று கிலோமீட்டர். அதிலும் ஏற்றத்தில் பாரம் இழுக்கும் சுற்றுகள் வெப்பம் மிகுந்தவை. மானி, சக்கரம் சுழன்றதை எண்ணுகிறதேயன்றி, இயந்திரம் உழைத்ததை எண்ணவில்லை.

சாமையும் புளியும் கடுக்காயும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு இறங்குவதும், உரமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் மலைவண்டிகளின் அன்றாட வேலை. செம்மண் பாதையில் எழும் புழுதி வேறு. இத்தகைய உழைப்பையே வண்டிக் கையேடுகள் “கடுமையான பயன்பாடு” என்று பெயரிட்டுத் தனியே குறிக்கின்றன. மலை ஏற்றம், மிகு பாரம், புழுதி, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் ஆகியவை அதில் அடங்கும். அப்பக்கத்தை நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருக்கிறோம்?

மழை இரவில் நின்ற ஜீப்

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில், மலைக் குக்கிராமம் ஒன்றிலிருந்து பேறுகால வேதனையுற்ற இளம்பெண் ஒருவரை, வாடகை ஜீப்பில் கீழேயுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். உடன் வருமாறு அழைத்ததால் நாமும் சென்றோம். அவ்வூருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். அந்த ஏற்றத்தின் நடுவே இயந்திரம் கடகடவென்று ஒலித்தது, பின் அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் அசையவும் இல்லை.

ஓட்டுநர் நல்ல மனிதர், உழைப்பாளி. கண் கலங்கி நின்றார். “சாமி, அந்தச் செவப்பு வெளக்கு ரெண்டு நாளா எரிஞ்சிக்கினேதான் இருந்திச்சு. ஒயரு கோளாறுன்னு நெனச்சிட்டேன் சாமி” என்றார்.

வேறு வண்டிக்கு ஆளனுப்பிக் காத்திருந்த வேளையில், உடன் வந்த மூதாட்டியின் கைகளில், அந்த ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது. விடியும் முன் மற்றொரு வண்டி வந்து, தாயையும் சேயையும் மருத்துவமனை சேர்த்தது. இருவரும் பிழைத்தனர். மறுநாள் ஜீப்பை இழுத்துச் சென்று பிரித்துப் பார்த்த மெக்கானிக், எண்ணெய் கடைசியாக மாற்றி ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று என்றும், இருந்த சிறிதளவும் களிம்பாகிக் கிடந்தது என்றும் கூறினார். இயந்திரத்தைச் சீர்செய்ய ஆன கடனை அக்குடும்பம் நெடுநாள் சுமந்தது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. சிறு எண்ணெய்க்குடம் போன்ற வடிவில் எரியும் அந்தச் சிவப்பு விளக்கு, “விரைவில் எண்ணெய் ஊற்று” என்று சொல்வதன்று. “எண்ணெயின் அழுத்தம் போயிற்று, இப்பொழுதே நிறுத்து” என்று சொல்வதாகும். அது எரிந்தால் பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை உடனே அணைத்துவிட வேண்டும். அடுத்த ஊர்வரை ஓட்டிவிடலாம் என்று துணியலாகாது. எண்ணெய் குறைந்த வண்டி சமவெளியில் ஒருவாறு ஓடிவிடக்கூடும். செங்குத்தான ஏற்றத்திலோ, இருக்கிற எண்ணெயும் அடித்தொட்டியின் ஒருபுறம் சாய்ந்துவிடுவதால், பம்பு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது. ஆகவே, கீழே ஓடிய வண்டி மேலே வந்து நின்று போவதில் வியப்பில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

அம்பாசிடர் கார்கள் நம் சாலைகளில் நிறைந்திருந்த நாள்களில், ஐயாயிரம் கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றுவதே முறையாக இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின் வண்டிகள் மாறின. எண்ணெயைத் தூய்மை செய்யும் முறையும் வளர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, எரிபொருளிலுள்ள கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகம் குறைந்தால் எண்ணெயில் சேரும் அமிலமும் குறையும். ஆகவே, இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்தி வருகிறதோ அதுவே தவணை என்று கையேடுகள் கூறுகின்றன.

“எது முந்தி வருகிறதோ” என்னும் சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஆண்டில் 3,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டிக்கும் ஓராண்டு முடிந்ததும் எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். மலையில் நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டிக்கு, கையேட்டில் கடுமையான பயன்பாட்டிற்கெனக் குறித்துள்ள தவணையைப் பின்பற்றுக. கையேடு கைவசம் இல்லையேல், வழக்கமான தவணையைப் பாதியாக்கி, 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வது காப்பான வழி. பழைய டீசல் ஜீப்புகளுக்கு இதனினும் குறைந்த தவணை இருக்கலாம். அதை அவ்வண்டியை அறிந்த மெக்கானிக்கிடம் கேட்டறிக.

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். புதுத் தேனைக் கழுவாத பழஞ்சாடியில் ஊற்றுவோர் உண்டோ? காற்று வடிகட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். புழுதி அடைத்த வடிகட்டி, இயந்திரத்தை மூச்சுத் திணற வைக்கும்.

எந்த எண்ணெய்?

கடைக்காரர் கொடுத்ததை வாங்கி ஊற்றுவது நம்மவரிடம் காணும் குறை. எண்ணெய் டப்பாவின்மீது 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று எழுதியிருப்பதைக் காணலாம். முதலெண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னெண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் குறிக்கும். தடித்த எண்ணெயே உயர்ந்தது என்பது பழைய எண்ணம். இன்றைய இயந்திரங்களின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. அவற்றிற்குத் தடித்த எண்ணெய் ஊற்றினால், காலையில் வண்டியைக் கிளப்பும்போது மேற்பகுதிகளுக்கு எண்ணெய் விரைந்து ஏறாது. பழைய ஜீப்புக்கு மெல்லிய எண்ணெயும் அவ்வாறே ஒவ்வாது. எனவே கையேட்டில் கண்டதையே கேட்டு வாங்குக. ஏ.பி.ஐ. என்னும் குறியை அடுத்து எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் வகை பெட்ரோலுக்கும், சி என்ற எழுத்தில் தொடங்கும் வகை டீசலுக்கும் உரியன.

2020-க்குப் பின் வந்த டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ளது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி சிறிது நேரம் தடையின்றி ஓட வேண்டும். எந்நாளும் குறுந்தூரமே ஓடும் வண்டியில் அவ்வேலை பாதியில் நின்று, எரியாத டீசல் எண்ணெயோடு கலக்கக்கூடும். அப்போது எண்ணெயின் அளவு குறைவதற்கு மாறாக உயரும். உயர்வதைக் கண்டு மகிழலாகாது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். இவ்வகை வண்டிகளுக்கு, சாம்பல் குறைந்த தனி எண்ணெய் தேவை என்பதையும் மறவற்க.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை

ஞாயிறு பூசைக்குப் புறப்படும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். சமதரையில் இரவு முழுதும் நின்ற வண்டியின் முன்மூடியைத் திறந்து, “டிப்ஸ்டிக்” எனப்படும் அளவுக் கம்பியை உருவுக. துணியால் துடைத்து, முழுவதும் செருகி, மீண்டும் எடுத்துப் பார்க்க. கீழ்க்கோட்டிற்கும் மேற்கோட்டிற்கும் இடையே எண்ணெய் நிற்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இவ்விரு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே.

நிறத்தைக் கண்டு மட்டும் முடிவு செய்ய வேண்டா. டீசல் வண்டியில் புது எண்ணெய் சில நாள்களிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. பால் கலந்த காப்பியின் நிறம் தோன்றினால் நீர் கலந்திருக்கிறது என்று அறிந்து எச்சரிக்கை கொள்க. விரலில் தேய்க்கும்போது மணல்போல் நெருடினாலும் அவ்வாறே. இச்சோதனையை ஆண்மக்கள்தாம் செய்ய வேண்டும் என்பதில்லை. பால் பொங்கும் பதமறிந்த தாய்மாரும், பள்ளி செல்லும் பிள்ளைகளும் ஒருமுறை பார்த்தால் கற்றுக்கொள்வர்.

ஏறியவர் இறங்கவும் வேண்டும்

ஏற்றத்தில் இயந்திரம் சோதிக்கப்படுகிறது. இறக்கத்தில் பிரேக் சோதிக்கப்படுகிறது. எண்ணெய் மாற்றக் கொண்டு செல்லும் நாளிலேயே பிரேக்கையும் பார்க்கச் சொல்க. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகை அளவிற்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சூட்டில் திரவம் கொதித்துக் குமிழாகி, மிதி வெறுமனே உள்ளே போய்விடும். ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறை அத்திரவத்தை மாற்றுவது நலம். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மூத்த ஓட்டுநர்களின் பாடம். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

2022 ஏப்ரல் 2 அன்று, திருப்பத்தூர் மாவட்டத்துப் புலியூர் மக்களைக் கோயில் விழாவுக்கு ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி, இம்மலைப் பாதையில் பள்ளத்தில் உருண்டு பதினொருவர் மாண்டனர். அது பராமரிப்புக் குறைவால் நேர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. சமவெளிச் சாலை சில வேளைகளில் தவற்றைப் பொறுக்கும். மலைச்சாலை பொறுக்காது என்பதை நினைவூட்டவே இதைக் குறிப்பிடுகிறோம்.

வடித்த எண்ணெயை என் செய்வது?

பழைய எண்ணெயை ஓடையோரத்தில் கொட்டிவிடும் பழக்கம் கொடியது. அதில் கரியும் உலோகத் துகளும் நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. செய்யாறு இம்மலையில் பிறந்து, பல ஊர்களின் வயலுக்கும் கிணற்றுக்கும் உதவி, பாலாற்றில் கலக்கிறது. நாம் இங்கே கொட்டுவது கீழேயுள்ளோரின் குடிநீரைச் சென்றடையும். வடித்த எண்ணெயை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அதை முறையாகச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைப்பதே கடமை. மாட்டுக் காயத்திற்கு அதைப் பூசுவதையும் விட்டுவிட வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள்

எண்ணெய் மாற்ற ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். இயந்திரத்தைப் புதுப்பிக்க ஆகும் செலவோ ஓர் இலட்சத்தையும் தொடக்கூடும். இக்கணக்கு மட்டுமே போதுமான காரணம். எனினும் மலைவாழ் மக்களுக்கு இதனினும் பெரிய காரணம் உண்டு. 108 ஆம்புலன்ஸ் எளிதில் வர இயலாத பாதைகள் இங்கு உள்ளன. அத்தகைய ஊர்களில், யார் வீட்டு வாசலில் வண்டி நிற்கிறதோ, அவ்வண்டியே ஊரார் அனைவருக்கும் நள்ளிரவுத் துணை. பாம்பு கடித்த பிள்ளையையும், நெஞ்சு வலியுற்ற முதியவரையும், பேறுகாலத் தாயையும் சுமக்க வேண்டியது அதுவே. அது கிளம்புமா என்னும் கேள்விக்கு விடை, ஆறு மாதத்திற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

எனவே ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். எண்ணெய் மாற்றிய நாள், அன்று மானி காட்டிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெயின் வகை, அடுத்த தவணை ஆகிய நான்கையும் அதில் எழுதி வைப்பீர்களாக. வாடகை வண்டி அமர்த்தும்போதும் அக்குறிப்பேட்டைக் காட்டுமாறு கேட்கத் தயங்க வேண்டா. பங்கின் பொது வண்டிக்கு, அப்பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைத்து, மாதந்தோறும் பங்குப் பேரவையில் அதைப் படிக்கச் செய்வது நன்று. எல்லாருடைய பொறுப்பு என்று விடப்பட்டது, ஒருவருடைய பொறுப்பும் ஆவதில்லை.